ரயில்வே கேட்டில் பஸ் மீது ரயில் மோதினால் இழப்பீடு யாரிடம் கேட்பது?

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இப்படி ஒரு விபத்து நடந்தால் கேட் கீப்பர் மேல் தப்பா, டிரைவர் மேல் தப்பா என்ற பேச்சுதான் முதலில் எழும். அது முடிவாகட்டும் என்று பாதிக்கப்பட்ட குடும்பம் காத்திருக்கத் தேவையில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து வந்தவர் என்ன தப்பு செய்தார்?

ஆள் நிற்கும் கேட்டில், முதல் பார்வைக்கே ரயில்வே பொறுப்பு என்று தெரிந்தால், சாலையில் வந்தவர்களுக்கும் ரயில்வே கருணைத்தொகை தரும். 2023 செப்டம்பர் 18 முதல் இறப்புக்கு 5 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், லேசான காயத்துக்கு 50,000. முன்பு இறப்புக்கே 50,000 தான் கொடுத்தார்கள். ஆளில்லாத கேட்டில் நடக்கும் விபத்துக்கு இது கிடையாது. இது உடனடி உதவி மட்டுமே. பின்னால் ரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்று கோர்ட் சொன்னால், இந்தத் தொகை அதில் கழியும்.

முழு இழப்பீட்டுக்குப் போக வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். ரயில் விபத்துதானே என்று ரயில்வே தீர்ப்பாயத்துக்குப் போய் நாளை வீணாக்க வேண்டாம். இறப்புக்கு அங்கே கிடைக்கும் 8 லட்சம் ரயில் பயணிகளுக்கானது. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் பஸ் உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி, ரயில்வே மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். கடைசியில் தவறு முழுக்க ரயில்வே மேல்தான் என்று தெரிந்தாலும் அந்தத் தீர்ப்பாயமே தீர்ப்புச் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தெளிவாக்கிவிட்டது. யார் எவ்வளவு கட்டுவது என்பது அவர்களுக்குள் தீர வேண்டிய கணக்கு.

யார் தவறு என்று நிரூபிக்காமலே பஸ் தரப்பிடம் வாங்க 164ஆம் பிரிவும் இருக்கிறது: இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி சமரசமாகக் கொடுக்கும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு செத்துவிடும். சம்பாதிக்கிற வயதில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 166இல் இதைவிடப் பல மடங்கு கிடைக்கலாம். அதனால் துக்க வீட்டில் யாராவது காகிதத்தை நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், டிரைவர் விஷயம். காவலில்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, கண்டக்டரோ கிளீனரோ இறங்கி நடந்து போய் இரண்டு பக்கமும் பார்த்து, முன்னால் நின்று வண்டியைக் கடத்திவிட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 131ஆம் பிரிவு. யாரும் இல்லாவிட்டால் டிரைவரே இறங்க வேண்டும். மூடிய கேட்டை வெளியாள் திறந்தால் ரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை, உடைத்தால் 5 ஆண்டு வரை சிறை.

166 மனுவைப் போடச் சட்டம் வைத்திருக்கும் கெடு விபத்து நாளிலிருந்து 6 மாதம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அல்லது காயச் சான்று, வாரிசுச் சான்று, வருமானத்துக்கான ஆதாரம் எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கத் தொடங்குங்கள். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே மனுவைப் போடலாம்.