நிதி கேட்கும் விண்ணப்பத்தில் முதலில் புரட்டப்படுவது பட்ஜெட் பக்கம்

அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு விண்ணப்பிக்கும் தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் முன்னுரையை மெருகேற்றுவதிலேயே நாள்களைக் கழிக்கின்றன. பரிசீலிப்பவரோ பட்ஜெட் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறார். என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முன்னுரையைவிட அது தெளிவாகச் சொல்லிவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு சல்லடை உண்டு. அமைப்பின் பதிவு நடப்பில் இருக்கிறதா, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை இருக்கிறதா, நிதி கேட்கும் வேலை அறக்கட்டளையின் துறைக்கும் பகுதிக்கும் உட்பட்டதா என்று பார்ப்பார்கள். இதில் விழுந்தால் உள்ளே எழுதியதை யாரும் படிப்பதில்லை. பலர் கவனிக்கத் தவறுவது கேட்கும் தொகையின் அளவை. கடந்த ஆண்டின் மொத்தச் செலவைப்போல் ஐந்து மடங்கு கேட்டால், அவ்வளவு பணத்தைக் கையாளக் கணக்காளரும் கொள்முதல் முறையும் இருக்கின்றனவா என்ற கேள்வி உடனே எழும்.

ஒரு குடியிருப்புக்கு ஆர்ஓ (சவ்வு வழியே உப்பை நீக்கும்) குடிநீர் நிலையம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம், கொட்டகை, தொட்டி, திறப்பு விழா எல்லாம் பட்ஜெட்டில் இருக்கும். ஆனால் முன்வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; சவ்வு பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள்தான் தாங்கும், உப்பு அதிகமான தண்ணீரில் அதற்கும் குறைவாக. இவற்றுக்கும், மின்கட்டணம், இயக்குபவரின் சம்பளம், வெளியேறும் உப்புநீரை எங்கே விடுவது என்பதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரிகூட எழுதியிருக்காது. நிதி முடிந்தபின் முதல் மாற்றுச் சவ்வுக்கு யார் பணம் தருவார் என்று கேட்டால் 'மக்கள் பங்களிப்பு' என்று பதில் வரும். குடத்துக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை குடம், யார் வசூலிப்பார், எந்தக் கணக்கில் போடுவார் என்று நான்கு வரி எழுதியிருந்தால் அது பதில். இல்லையென்றால் வெறும் நம்பிக்கைதான்.

நிர்வாகச் செலவில் நடக்கும் ஒளிவுமறைவுக்கு அறக்கட்டளைகளும் ஒரு காரணம். பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி வைத்தால், கணக்காளரின் சம்பளம் 'பயணச் செலவு' என்ற தலைப்பில் போய் ஒளிந்துகொள்ளும், தணிக்கையில் அகப்படும். அவர் இந்தத் திட்டத்துக்கு மாதம் எத்தனை நாள் ஒதுக்குகிறார் என்று கணக்கிட்டு, அந்தப் பங்கை நேரடியாகக் காட்டுவதே மேல்.

இலக்குகளில் வழக்கமான குழப்பம் ஒன்று. '200 பேருக்குத் தையல் பயிற்சி' என்பது செய்யும் வேலை. ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பதே விளைவு. அதைக் காட்ட, பயிற்சிக்கு முன்பே அவர்களின் வருமானத்தைக் கேட்டுக் குறித்து வைத்திருக்க வேண்டும். பின்னால் நினைவிலிருந்து எழுதும் எண் எடுபடாது.

கள ஆய்வில் பரிசீலிப்பவர்கள், அமைப்பின் நிர்வாகிகள் அருகில் இல்லாதபோது பயனாளிகளிடம் பேசுவார்கள். வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு மூன்றையும் ஒப்பிடுவார்கள். ஒரு மாதத்து வருகை முழுவதும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் எழுதப்பட்டிருந்தால் அது நாள்தோறும் எழுதியதா என்று சந்தேகம் வரும். ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டுப் போகும் ஆய்வில் புதுப் பெயின்ட் வாசனைதான் அதிகம் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுபவர்கள் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரே விண்ணப்பத்துக்கு ஒருவர் 80, இன்னொருவர் 40 கொடுத்தால், சராசரியாக 60 என்று எழுதிவிட்டு நகர்வது சோம்பல். அந்த இடைவெளிக்குள்தான் விவாதிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. விண்ணப்பித்த அமைப்போடு தொடர்புள்ள அறங்காவலர் அந்த நேரம் அறையைவிட்டு வெளியேறுவதும், அது கூட்டக் குறிப்பில் பதிவாவதும் கட்டாயம். புதிய அமைப்பு என்றால் சிறு தொகையில் ஓராண்டு கொடுத்துப் பார்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குக் கணக்கு கொடுத்தபின் அடுத்தது. பள்ளி தொடங்கும்போது நடக்க வேண்டிய வேலைக்குப் பாதிக் கல்வியாண்டு கழிந்து பணம் வந்து சேர்வதுண்டு. ஆகவே திட்ட அட்டவணையில் 'முதல் மாதம்' என்பதைப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய நாளிலிருந்து எண்ணுங்கள். தள்ளிப்போட முடியாத வேலை எது என்பதையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.