டிஎன்எஸ் மேல் பழி போடுமுன் அந்த ஃபைலைத் திறங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. இரவு ஒன்றேமுக்காலுக்குப் போன். "சார், டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாத்தி ரெண்டு நாள் ஆச்சு. ஒரு மெஷின் மட்டும் பழைய ஐபிக்கே போகுது. டிஎன்எஸ் இன்னும் ப்ராபகேட் ஆகல போல. நாளைக்கு வரைக்கும் பார்க்கலாமா?"

ஒரு வருஷம் பார்த்தாலும் ஆகாது. பெயரைக் கேட்டால் ஐபி முகவரி சொல்வது டிஎன்எஸ்; அதைக் கேட்குமுன் மெஷின் தன்னிடமே பார்க்கும் பெயர்-ஐபி பட்டியல்தான் ஹோஸ்ட்ஸ் ஃபைல். அந்த மெஷினின் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறக்கச் சொன்னேன். டேட்டாபேஸ் பெயர், பக்கத்தில் பழைய ஐபி. மேலே ஒரு கமெண்ட்: "டெம்ப்ரரி, மண்டே எடுத்துடணும்." எந்த மண்டே என்று இல்லை. ஃபைலின் தேதி 2021.

டிஎன்எஸ் எங்கேயும் பரவுவதில்லை. நீங்கள் ரெக்கார்டை மாற்றியதும் அதை யாரும் ஊர் ஊராக எடுத்துப் போவதில்லை. உங்களுக்காகப் பெயரைத் தேடித்தரும் ரிசால்வர்தான் வந்து கேட்கும். கிடைத்த பதிலை டிடிஎல், அதாவது அதற்கு விநாடியில் குறித்த ஆயுள், முடியும்வரை வைத்திருக்கும், பிறகு மறுபடி வந்து கேட்கும். டிடிஎல் 300 என்றால் ஐந்து நிமிஷம். 3,600 என்றால், மாற்றுவதற்குச் சற்று முன் கேட்டவர்கள் ஒரு மணி நேரம் பழையதை வைத்திருப்பார்கள். அதனால்தான் மாற்றுவதற்கு முந்தைய நாளே டிடிஎல்லைக் குறையுங்கள் என்கிறோம். மாற்றிய பிறகு குறைத்து என்ன பயன்? "48 மணி நேரம்" என்று எல்லோரும் ஜபிக்கிறீர்களே, ஒரு டொமைனுக்குப் பதில் சொல்லும் சர்வர் எது என்று காட்ட டாட் காம் சர்வர்கள் தரும் நேம்சர்வர் ரெக்கார்டின் டிடிஎல் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். நேம்சர்வரையே மாற்றினால் அந்தக் கணக்கு வரும். ஒரு ஐபியை மாற்றியதற்கு அதை இழுக்காதீர்கள்.

பட்டியல் நிஜமாகவே பரவ வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஒவ்வொரு இடமும் ஹோஸ்ட் பெயர்களுக்குத் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தது, பெரும்பாலும் காலாவதியானது. இது அபத்தம் என்று 1973 டிசம்பரில் ஆர்எஃப்சி 606 என்ற நெட்வொர்க் குறிப்பில் பீட்டர் டாய்ச் எழுதினார். நேற்றிரவு நான் திட்டியதும் ஏறக்குறைய அதேதான். அடுத்த மாதமே பொதுப் பட்டியலுக்கு ஏற்பாடு வந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் ஜேக் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புது மெஷின் வந்தால் அவர்களுக்கு மெயில் போடவேண்டும். பட்டியல் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை புதுப்பிக்கப்படும். எல்லோரும் எஃப்டிபியில் போய் முழு ஃபைலையும் எடுத்துக்கொள்வார்கள்.

1981 ஆகஸ்டில் 213 மெஷின்கள். 1985 அக்டோபரில் 1,961. மெஷின் கூடினால் ஃபைலும் நீளும், அதை எடுக்க வருகிறவர்களும் கூடுவார்கள். சுமை இரண்டு பக்கமும் பெருகும். நகல் கைக்கு வருவதற்குள் யாரோ முகவரியை மாற்றியிருப்பார்கள். 1983 நவம்பரில் பால் மொகாபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை விவரிக்கும் ஆர்எஃப்சி 882, 883 இரண்டையும் எழுதியது இதற்காகத்தான். நகல் எடுக்காதே, பெயருக்குச் சொந்தக்காரனைக் கேள்.

பழைய ஃபைலை, அதாவது ஹோஸ்ட்ஸ் ஃபைலை, மட்டும் யாரும் தூக்கவில்லை. லினக்ஸில் பெயரை எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கான்ஃபிகரேஷனைப் பாருங்கள்: பெரும்பாலும் முதலில் ஃபைல்ஸ், பிறகுதான் டிஎன்எஸ்.

டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக், என்எஸ்லுக்அப் கமாண்டுகள் இரண்டும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது, நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். டிக்கில் சரியான ஐபி வந்து அப்ளிகேஷன் மட்டும் தப்பான இடத்துக்குப் போகிறதா? டிஎன்எஸ் ரெக்கார்டில் கை வைக்காதீர்கள். மெஷின் நிஜமாக எந்த ஐபியை எடுக்கிறது என்று காட்டும் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கமாண்டைப் போட்டுப் பாருங்கள், விண்டோஸ் என்றால் பிங். மைக்ரேஷன் செக்லிஸ்டில் ஒவ்வொரு சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் சேருங்கள். அந்த ஃபைலில் ஒரு வரி போட்டே ஆகவேண்டும் என்றால் தயவுசெய்து உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.

நேற்று அந்த வரியை அழித்ததும் எல்லாம் ஓடியது. அதற்குக் கீழே இன்னும் நாலு வரிகள் இருந்தன. எதற்கு என்று கேட்டேன்.

"தெரியல சார். போட்டவர் வேலையை விட்டுப் போயிட்டார்."