பரணில் கிடந்த ஷூ

தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். பர்வதமலைக்குப் போய் கணுக்காலைப் பிசகிக்கொண்டு வந்த ஒரு தம்பி, கேரி பேக்கில் தன் ட்ரெக்கிங் ஷூவையும் எடுத்து வந்திருந்தார். இறங்கும்போது சோல் பிளந்துவிட்டதாம். லேஸால் சுற்றிக் கட்டிக்கொண்டே மீதி மலையையும் இறங்கியிருக்கிறார்.

"நாலு வாட்டிகூடப் போடல சார். அஞ்சு வருஷமா பரண்லதான் இருந்துச்சு."

அதுதான் வினை. அடிப்பக்கம் புதுசு போலவே இருந்தது. ஆனால் அடிப்பக்கத்துக்கும் பாதத்துக்கும் நடுவில் இருக்கும் நடு சோலை நகத்தால் சுரண்டினால் பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. நிறைய ட்ரெக்கிங் ஷூக்களில் நடு சோல் பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரமே அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும், போட்டாலும் போடாவிட்டாலும். கடற்கரையோரம் குடியிருக்கும் நமக்கு ஈரத்துக்குப் பஞ்சமா? பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். ஈவிஏ என்ற இன்னொரு வகை நுரை என்றால் இப்படி உதிராது, நடந்து நடந்து அமுங்கிப்போகும். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், நடு சோலில் ஆழமான சுருக்கம் விழுந்திருந்தால், மாற்றிவிடுங்கள்.

தம்பி மாற்றினார். காலையில் கடைக்குப் போய், ஆபீஸ் ஷூ சைஸிலேயே வாங்கினார். "போடப் போடச் சரியாயிடும்" என்றாராம் கடைக்காரர். கணுக்கால் தேறியதும் நாகலாபுரம் மலைக்குப் போய், பெருவிரல் நகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

போடப் போட மேல்பாகம் இளகும், நீளம் கூடாது. மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, மலைக்குப் போடும் அதே சாக்ஸோடு வாங்குங்கள். லேஸ் கட்டாமல் விரல்களை முன்னால் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும்.

அப்புறம் பழக்குவது. முதலில் வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம். பிறகு கடைத்தெரு வரை. பிறகு முதுகில் பையோடு. தோல் ஷூவுக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், துணி ஷூ சீக்கிரம் பழகும். வடசென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். அதனால் ரயில்வே நடைமேம்பாலப் படிகளில் ஏறி இறங்கச் சொல்கிறேன். ஷூவின் குட்டு இறங்கும்போதுதான் வெளிப்படும். விரல் முன்னால் போய் இடித்தால், மேல் ஓட்டைகளில் லேஸை இறுக்கிக் குதிகாலைப் பிடித்து நிறுத்துங்கள். ஓர் இடம் சுருசுருவென்று சூடானால் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பெரிய பிரயோஜனமில்லை. சுகர் உள்ளவர்களுக்கு ஷூ கடிப்பதே தெரியாமல் போகலாம். வீடு திரும்பியதும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்தாவது.

தம்பி இப்போது ஒரு சைஸ் பெரிய ஷூவில், பையில் நாலு தண்ணீர் பாட்டிலோடு, கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் படியில் ஏறி இறங்குகிறார். கறுத்த நகம் விழுந்துவிட்டது. புதுசு முழுசாக வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றேன். அதற்குள் வெள்ளியங்கிரி போகலாமா என்று கேட்கிறார்.