தியாகமா, ஈகமா?

மலேசிய விடுதலை நாளான ஆகஸ்ட் 31 நெருங்கினால் கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளி மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் சொல் தியாகம். ‘த்யஜ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. விடுதல், துறத்தல் என்பது வேர்ப்பொருள். ஆனால் சோழர் காலத்தில் அது கொடையைக் குறித்தது. விக்கிரம சோழனுக்குத் தியாக சமுத்திரம் என்றொரு பட்டப்பெயர் உண்டு. கொடைக்கடல் என்று பொருள். இன்றைய பொருளை அதில் ஏற்றி ‘பல இழப்புகளைத் தாங்கிய மன்னன்’ என்று எழுதினால் பிழையாகிவிடும். நாட்டுக்காகத் தன் வாழ்வையே இழத்தல் என்ற பொருள் விடுதலைப் போராட்டக் காலத்தில்தான் வேரூன்றியது.

இதற்குத் தனித்தமிழ் எழுத்தாளர்கள் தந்த சொல் ஈகம். செய்தவர் ஈகி, பன்மையில் ஈகியர். ‘ஈ’ என்பதே வேர். ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றல்ல என்கிறது தொல்காப்பியம்: தன்னிலும் உயர்ந்தவரிடம் கேட்பவர் ‘ஈ’ என்பார், ஒத்தவரிடம் ‘தா’, தாழ்ந்தவரிடம் ‘கொடு’. ஈகம் என்று சொல்லும்போதே ஈந்தவர் மேலே நிற்கிறார். பெற்றுக்கொண்ட நாம் கீழே நிற்கிறோம். விடுதலை பெற்றுத் தந்தவர்களைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வேர் தமிழில் இல்லை என்றே சொல்வேன்.

ஈகையை இதனோடு குழப்பக் கூடாது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை என்று குறள் வரையறுத்துவிட்டது. இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் நோன்புப் பெருநாளை ஈகைத் திருநாள் என்றும், ஹஜ்ஜுப் பெருநாளான ஹரி ராயா ஹாஜியைத் தியாகத் திருநாள் என்றும் வழங்குகிறார்கள். தியாகம் வடசொல் என்று திருத்தப் போய் ‘ஈகைத் திருநாள்’ என அச்சிட்டால் பண்டிகையே மாறிப்போகும்.

மலாயிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் தடுமாறுவது ‘கொர்பான்’ என்ற சொல்லில். அரபியில் இறைவனுக்குப் படைக்கும் பலியைக் குறித்த சொல் அது. மலாயில் ‘பெங்கொர்பானான்’ என்றால் ஈகம். ‘தெர்கொர்பான்’ என்றால் உயிர்நீத்தார். வெறும் ‘கொர்பான்’ விபத்தில் மாண்டவரையும் குறிக்கும். மூன்றுக்கும் ‘பலி’ என்றே போட்டால் தானே முன்வந்து கொடுத்தவரும் சாலை விபத்தில் இறந்தவரும் ஒன்றாகிவிடுவர். தொல்காப்பியத்தில், வீரன் போரில் தன்னுயிரையே கொடுக்கும் ‘அவிப்பலி’ உண்டுதான். ஆனால் அங்கேயும் ‘தொல்லுயிர் வழங்கிய’ என்று கொடுத்தவரின் விருப்பம் முன்னே நிற்கிறது. இன்றைய ‘பலியானார்’ என்பதில் அந்த விருப்பம் இல்லை.

எழுதும்போது கவனிக்க: ஈதல், ஈந்தார், ஈந்த என்பனவே சரி. ‘ஈய்ந்தார்’ பிழை. ‘ஈகம் செய்தார்’ என்பதைவிட ‘ஈந்தார்’ என்ற ஒரே சொல் வலுவானது.

அதைவிட முக்கியம், எதை இழந்தார் என்று சொல்வது. ‘பல தியாகங்கள் செய்தார்’ என்ற வரி யாருக்கும் பொருந்தும்; அதனாலேயே யாரையும் காட்டாது. பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் 1951-இல் அம்னோ கட்சியின் தலைவரானபோது நீதித்துறைப் பணியைத் துறந்தார். இங்கே ‘துறந்தார்’ சரி. தியாகத்தின் வேர்ப்பொருளும் அதுவே. கோலாலம்பூரில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன், நேதாஜியின் அழைப்பைக் கேட்டு அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். அது இந்திய விடுதலைக்காக; 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். நகையை ‘ஈந்தார்’ எனலாம், ‘துறந்தார்’ என்றால் துறவறம் பூண்டதுபோல் ஒலிக்கும். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றி எழுதும்போது ‘மறைந்தார்’ என்று மென்மையாக்க வேண்டாம். ‘தூக்கிலிடப்பட்டார்’ என்றே எழுதுங்கள்.