25-ஆம் போர்ட்டில் கடவுச்சொல் கேட்காதீர்கள்

ஒரு திங்கட்கிழமை காலை, சிறிய நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு. "சார், நாங்க அனுப்புற மெயில் எதுவுமே போகலை." உள்ளே போய்ப் பார்த்தால், மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையில் ஆயிரக்கணக்கான மெயில்கள் தேங்கிக் கிடந்தன. ஒன்றுகூட அவர்கள் எழுதியதில்லை. சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தேன். வரிக்கு வரி ஒரே பயனர் பெயர், கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணுடையது. ஐபி முகவரிகள் மட்டும் நாட்டுக்கு நாடு மாறிக்கொண்டே இருந்தன.

சர்வரை யாரும் உடைக்கவில்லை. சரியான பெயர், சரியான கடவுச்சொல் கொடுத்து முன்வாசல் வழியாகவே வந்திருந்தார்கள். நிறுவனத்தின் பெயர், அதன் பின்னால் 123. அவ்வளவுதான் கடவுச்சொல். அலுவலகமே அந்தப் பெண்ணைக் கடிந்துகொண்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இப்படியொரு கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டதும், இரவு பகலாக யார் வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கும்படி வாசலைத் திறந்து வைத்ததும் சர்வரை அமைத்தவர்களின் தவறு.

போஸ்ட்ஃபிக்ஸ் பயனர் கடவுச்சொல்லைத் தானே சரிபார்ப்பதில்லை. பெரும்பாலான அமைப்புகளில் ஒரு சாக்கெட் (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாக, மெயில் பெட்டிகளைக் கவனிக்கும் மென்பொருளான டவ்காட்டிடம் கேட்கும். டவ்காட் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். இந்த இணைப்பு வேலை செய்துவிட்டால் பலர் அதோடு எழுந்து போய்விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். லாகின் அனுமதியை போஸ்ட்ஃபிக்ஸின் பொது அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்-இல் எழுதினால் அது 25-ஆம் போர்ட்டுக்கும் (போர்ட் என்றால் சர்வரின் எண்ணிட்ட வாசல்) சேர்த்தே திறக்கும். 25 என்பது மற்ற சர்வர்கள் நமக்கு மெயில் கொண்டு வரும் வழி. ஜிமெயில் சர்வர் நம்மிடம் வந்து பயனர் பெயர் சொல்லப் போவதில்லை. நம் ஆட்கள் அனுப்புவதற்கு 587-உம் 465-உம் இருக்கின்றன. போர்ட்வாரியாக அமைக்க உதவும் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் அந்த இரண்டுக்கு மட்டும் அனுமதியை எழுதுங்கள்.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். 587-இல் டிஎல்எஸ் (இணைப்பில் போவதைப் பூட்டி அனுப்பும் முறை) இல்லாமலே லாகின் ஆக முடிந்தது. "கடவுச்சொல் புரியாத எழுத்தாகத்தானே போகுது?" என்றார் உரிமையாளர். சோதனைக்கு ஒரு கணக்கு உருவாக்கி, அது அனுப்பிய பாக்கெட்டைப் பிடித்து, அந்தப் புரியாத எழுத்துகளை ஒரே ஒரு கட்டளையில் பிரித்துக் காட்டினேன். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வந்து நின்றன. அந்த எழுத்துமுறையின் பெயர் பேஸ்64. அது பூட்டு அல்ல, வேறு வடிவில் எழுதுவது மட்டுமே. டிஎல்எஸ் தொடங்கிய பிறகே லாகின் என்று கட்டாயப்படுத்த போஸ்ட்ஃபிக்ஸில் ஒரே ஒரு வரி போதும். 465-இல் இணைப்பு தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ்தான். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் பரிந்துரைப்பதும் அந்த வழியைத்தான். நானும் புதிய கருவிகளுக்கு அதையே கொடுக்கிறேன்.

தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஐபிக்கு ஒரு முயற்சி என்று வருபவர்களை அது பிடிக்காது. அதைவிட, லாகின் ஆனவர் தன் முகவரியில் மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்படுத்துவதும், ஒரு கணக்கு மணிக்கு இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்று வரம்பு வைப்பதும் சேதத்தைக் குறைக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பாக இருக்கும் வேக வரம்பு ஐபிக்குத்தான், பயனருக்கு அல்ல. அதனால் பயனர்வாரி வரம்புக்குத் தனியாக ஒரு பாலிசி சேவை (போஸ்ட்ஃபிக்ஸ் அனுமதி கேட்கும் துணை நிரல்) வேண்டும்.

கணக்கு பறிபோனால் கடவுச்சொல்லை மாற்றியதோடு நிறுத்தாதீர்கள். டவ்காட்டில் கேஷ் (சரிபார்த்த கடவுச்சொல்லைச் சற்று நேரம் நினைவில் வைப்பது) இயக்கியிருந்தால் பழைய கடவுச்சொல் இன்னும் கொஞ்ச நேரம் செல்லுபடியாகும். கேஷைக் காலி செய்து, திறந்திருக்கும் இணைப்புகளையும் துண்டியுங்கள். அப்புறம், வரிசையை மொத்தமாக அழிக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள், அதில் உண்மையான மெயில்களும் இருக்கும். அந்தப் பயனர் பெயரில் வந்தவற்றை மட்டும் பிரித்து அழியுங்கள்.

கிளம்பும் முன் என் மொபைல் இணையத்திலிருந்து 25-ஆம் போர்ட்டில் இணைந்து, சர்வர் என்னென்ன வசதி தருகிறது என்று கேட்கும் ஈஹெலோ கட்டளையைக் கொடுத்தேன். பதிலில், லாகின் ஏற்கும் என்று சொல்லும் ஆத் வரி இல்லை. 587-இல், டிஎல்எஸ்ஸைத் தொடங்கும் கட்டளையான ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸுக்கு முன் அந்த வரி இல்லை, பின் இருந்தது. இதைச் செய்து பார்க்க இரண்டு நிமிடம் ஆனது. அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.