சொல் விளக்கம்: கெர்னல் பேனிக் என்னும் கருனித் திகைப்பு

நினைவகம், செயலி, வன்பொருள் ஆகியவற்றை ஆளும், இயக்குதளத்தின் நடுநாயகமான நிரலே கெர்னல். அது சீர்செய்ய இயலாத பிழையொன்றைத் தனக்குள்ளேயே கண்டு, மேற்கொண்டு ஓடினால் வட்டிலுள்ள தரவும் கெடக்கூடும் என்பதால் எல்லாப் பணிகளையும் நிறுத்திவிடும் நிலைக்குக் கெர்னல் பேனிக் என்று பெயர். லினக்ஸ் கெர்னலின் மூலநிரலைத் தாமே கம்பைல் செய்து, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றி, நிறுவியவர்களில் பலர் முதல் மறுதொடக்கத்திலேயே இதைச் சந்தித்திருப்பார்கள்.

கெர்னல் என்பது பழைய ஆங்கிலச் சொல். தானியத்தைக் குறிக்கும் ‘கார்ன்’ என்பதன் சிறுமை வடிவாகப் பிறந்து, கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறித்தது. கணினி அறிவியலாளர் பெர் பிரிஞ்ச் ஹேன்சன் 1970இல் தம் இயக்குதளத்தை விளக்கியபோது இதே பகுதிக்கு ‘நியூக்ளியஸ்’ என்ற சொல்லை ஆண்டார். அந்த இலத்தீன் சொல்லும் கொட்டையின் பருப்பிலிருந்தே வந்தது. பயனர் கட்டளையிடும் மேற்பகுதிக்கு ‘ஷெல்’, அதாவது ஓடு, என்று பெயர் அமைந்தது இந்த உருவகத்தோடு அழகாகப் பொருந்துகிறது. தமிழில் பருப்பு என்று சொல்லாமல் கரு என்ற வேரை நாடியது நல்ல முடிவு என்றே கருதுகிறேன். முட்டையின் மஞ்சட்கருவும் அணுக்கருவும் கதைக்கருவும் நம் பேச்சிலும் எழுத்திலும் ஏற்கெனவே இருப்பதால், கணினியோடு ஓசை இயையும் ‘கருனி’ என்ற சொல் முதல் வாசிப்பிலேயே பொருள் உணர்த்திவிடுகிறது.

சிக்கல் ‘பேனிக்’கில்தான் இருக்கிறது. காட்டில் வழிப்போக்கரைக் காரணமின்றி நடுங்கவைப்பதாகக் கிரேக்கர் நம்பிய பான் என்னும் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்த சொல் இது. கணினிக்குள் இதைக் கொண்டுவந்தது யூனிக்ஸ் என்னும் இயக்குதளம். அதற்கு முன்னோடியான மல்டிக்ஸ் இயக்குதளத்தில் பிழையிலிருந்து மீள்வதற்கான நிரல் ஏராளமாக இருந்ததைப் பற்றிப் பேசியபோது, யூனிக்ஸில் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ‘பேனிக்’ என்ற ஒரே செயற்கூற்றை வைத்திருப்பதாகவும், அது அழைக்கப்பட்டால் இயந்திரம் நின்றுவிடும் என்றும் யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி சொன்னதாக மல்டிக்ஸில் பணியாற்றிய டாம் வான் விளெக் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அகராதியைத் திறந்தால் பேனிக்குக்குப் பீதி என்று இருக்கும். ஆனால் ‘கருனிப் பீதி’ என்பது பொருந்தாது. பீதியடைந்தவர் ஓடுவார், திகைத்தவர் நிற்பார். கருனி இங்கே ஓடவில்லை, நிற்கிறது. ஆகவே ‘கருனித் திகைப்பு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அறிந்தே நிற்கிறது என்ற பொருள் இதில் முழுமையாக வரவில்லை என்ற குறை உண்டு. ஆயினும், காரணம் எதையும் சொல்லாமல் கணினி அப்படியே உறைந்துபோவதைக் குறிக்கும் முடக்கம் என்ற சொல்லோடு இது குழம்பாது.

இந்த வேறுபாடு பழுதுபார்ப்பவருக்கு முதன்மையானது. திகைப்பில் கருனி தான் நின்றதன் காரணத்தைத் திரையில் எழுதிவிட்டே நிற்கிறது. சொந்தமாகக் கம்பைல் செய்த கருனியில் மிகுதியாகக் காணப்படுவது, ரூட் கோப்பு முறைமையை, அதாவது இயக்குதளத்தின் கோப்புகள் அமைந்த வட்டுப் பகுதியை, ஏற்ற முடியவில்லை என்ற செய்தி. அதன் இறுதியில் 0,0 என்ற இரு எண்கள் இருந்தால், துவக்கக் கட்டளையில் குறிப்பிட்ட வட்டையே கருனி அறியவில்லை என்று பொருள்: வட்டுக் கட்டுப்படுத்தியின் இயக்கி (டிரைவர்) கருனிக்குள் சேர்க்கப்படாமல், பின்னர் ஏற்றப்படும் தனிக் கோப்பான மாட்யூலாகப் போயிருக்கலாம், அல்லது அந்த மாட்யூலைச் சுமந்துவரும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் துவக்கநேரத் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு உருவாக்கப்படாமல் இருந்திருக்கலாம். 8,1 போன்ற எண்கள் இருந்தால் பெரும்பாலும் வட்டு தெரிந்திருக்கிறது, அதிலுள்ள கோப்பு முறைமைக்கான ஆதரவுதான் விடுபட்டிருக்கிறது. இரண்டிலும் பழைய கருனியைக் கொண்டு கணினியைத் துவக்கி, அதன் அமைவுக் கோப்பைப் புதியதோடு ஒப்பிட்டால் விடுபட்ட தேர்வு அகப்படும். அதனால்தான் பழைய கருனியைத் துவக்கப் பட்டியலிலிருந்து அழிக்கவே கூடாது.

திகைப்புக்கு ஒரு படி கீழே உள்ளது ‘ஊப்ஸ்’. இதற்கு ‘இடறல்’ என்ற சொல் நன்றாகப் பொருந்தும். இடறியவர் விழாமல் மேலே நடப்பதும் உண்டு. கருனியும் பிழை செய்த செயல்முறையை மட்டும் கொன்றுவிட்டுத் தொடர்ந்து ஓடலாம், ஆனால் அதன்பின் அதன் நிலையை நம்ப இயலாது. ஆகவே பதிவேட்டில் பல இடறல்கள் அடுத்தடுத்து இருக்கும்போது, திகைப்புக்கு முந்தைய கடைசி இடறலை ஆராய்வதைவிட முதல் இடறலை ஆராய்வதே முறை. எது முதலாவது என்று அறியக் கருனியே உதவுகிறது. ஒருமுறை இடறியபின் எழுதும் பிழை அறிக்கைகளில் அது தன்னைக் ‘கறைபட்டது’ என்று குறித்து, அருகில் ‘D’ என்னும் ஆங்கில எழுத்தையும் இடுகிறது. அந்த எழுத்து இல்லாத இடறல் அறிக்கையே நாம் தேடுவது.