சிவப்பு முத்திரையை அழிக்கச் சொல்லாதீர்கள்

பழைய காகித ஓவியங்களைச் செப்பனிடுவது என் வேலை. ஒருமுறை ஒருவர் சீன மலைக்காட்சிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அதைச் சரிசெய்யும்போது, வானத்தில் இருக்கும் சிவப்பு முத்திரைகளையும் எழுத்துகளையும் சுத்தமாக எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். வரைந்தவரும் பின்னால் அதை வைத்திருந்தவர்களும் பதிக்கும் பெயர்முத்திரைகள் அவை.

சீனம் தெரிந்த நண்பரிடம் எழுத்தைக் காட்டினேன். 'ஹுவாங் கோங்வாங் முறையில் வரைந்தது' என்று இருந்தது. ஹுவாங் கோங்வாங் பதினான்காம் நூற்றாண்டுச் சீன ஓவியர். கேட்டதும் சுருளைக் கொண்டுவந்தவர் முகம் வாடிவிட்டது. "அப்போ இது காப்பியா சார்?"

அப்படி இல்லை. மேலே வைத்துப் படியெடுப்பது 'மோ', எதிரே வைத்துப் பார்த்து வரைவது 'லின்', முன்னோர் கைப்போக்கை உள்வாங்கித் தன் மலையை வரைவது 'ஃபாங்' என்று சீன ஓவியர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். யாரிடம் கற்றேன் என்று ஓவியத்திலேயே எழுதிவைப்பது குருவுக்குச் செய்யும் மரியாதை. ஏமாற்ற நினைப்பவன் அதை எழுதுவானா?

ஹுவாங் கோங்வாங் 1350-ஐ ஒட்டி வரைந்த ஃபூச்சுன் மலைச் சுருளையே பாருங்கள். பிரித்துப் போட்ட சணல் நார் மாதிரி நீள நீளமான மைக்கோடுகள், சில இடங்களில் ஈரமாக, சில இடங்களில் உலர்ந்து. அதை ஒருகாலத்தில் வைத்திருந்த ஷென் சோ என்ற ஓவியர், கைவிட்டுப் போன பிறகு 1487-ல் நினைவிலிருந்தே முழுதாக வரைந்தார். அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம் அதைப் பாதுகாக்கிறது.

மூலத்தை 1650-ல் அதன் உரிமையாளர் வூ ஹோங்யூ சாகும் தறுவாயில் எரிக்கச் சொன்னார். உறவினர் ஒருவர் நெருப்பிலிருந்து இழுத்தார், சுருள் இரண்டானது. நீளமான துண்டு தைவானின் தைபேயில், சுமார் அரை மீட்டர் துண்டு சீனாவின் ஹாங்சோவில். 2011-ல்தான் இரண்டும் ஒரே கண்காட்சியில் சேர்ந்தன. இடையில் ச்சியன்லோங் பேரரசர் ஒரு நகலை அசல் என்று நம்பி, அதன் வெற்றிடம் முழுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். பார்க்க நெரிசலாகத்தான் இருக்கும், ஆனால் யார் எதை நம்பினார்கள் என்று இன்று நமக்குச் சொல்வது அந்த எழுத்துதான்.

முத்திரைச் சாந்தில் எண்ணெய் உண்டு. தேய்த்தால் சிவப்பு பரவிக் காகிதமே பாழாகும். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

அரித்த ஓரத்துக்கு மட்டும் மெல்லிய காகிதம் ஒட்டிக் கொடுத்தேன். வலமிருந்து இடமாக, ஒரு முழம் விரித்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும் என்று காட்டினேன். எழுத்து வந்த இடத்தில் அவரே நிறுத்தி, "இதுதானே குரு பேரு?" என்றார்.